முகம் அழித்த காசு

இரண்டாம் சாமம் முடியப்போகிற நேரம். அமாவாசை. எங்கள் ஊர் ஸ்த்ராதோனிகேயாவின் வடக்கு வாசலிலிருந்து லகினாவில் இருக்கும் ஹெகாதே அம்மனின் கோயிலுக்குப் போகும் பாதை... பகலிலேயே அங்கே யாரும் சத்தமாகப் பேசிக்கொண்டு நடக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் கல்லறைகள். அந்தப் பாதையில் ஒருவன் தனியாக நடந்துகொண்டிருந்தான். விளக்கு இல்லை. வலது கையை இறுக மூடியிருந்தான். கைக்குள் ஒரே ஒரு வெண்கலக் காசு.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு சாத்தியிருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். இது எங்கள் தெருவில் துருத்தி தைத்துக்கொண்டிருந்த ஹெர்மியாஸின் தாய்மாமனுக்கு நடந்தது. திராசோன் என்று பெயர். ஹெர்மியாஸ் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னான். இரண்டாம் முறை பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டான்.

திராசோன் கையிலிருந்த காசு வெளியே தெரிந்தால் அவன் தலை போகும். அப்படிப்பட்ட வருடம் அது.

உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ரோமாபுரியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து சக்கரவர்த்திகளாக இருந்தார்கள். அண்ணன் தம்பியைக் கொன்றான். பிறகு அப்படி ஒரு தம்பி பிறக்கவே இல்லை என்று உத்தரவு வந்தது. கல்லில் பெயர் இருந்தால் கொத்து. சிலை நின்றால் உடை. பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் வீடு திரும்பவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் அந்த வருடம் ஒருவர் போனார். அது வேறு கதை. அந்தத் தம்பியின் பெயரை நான் இன்றுவரை சொல்வதில்லை. நாக்கு பழகிவிட்டது.

கல்லும் சிலையும் எளிதாக முடிந்தன. காசுதான் தொல்லை. எங்கள் ஊர் பெரிய வெண்கலக் காசில் ஒரு பக்கம் அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருப்பார்கள். எல்லார் வீட்டுப் பானையிலும் அந்தக் காசுதான். எல்லாவற்றையும் உருக்கிப் புதிதாக அடிக்க நகரத்துக்கு வசதியில்லை. சந்தைத் திடலில் பட்டறைக்கல்லைப் போட்டார்கள். வரிசையில் நின்று காசைக் கொடுக்க வேண்டும். தம்பியின் முகத்தை உளியால் கொத்தி எடுத்து, ஓரத்தில் சின்ன முத்திரை ஒன்று குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். முத்திரை இல்லாத காசு யார் கையில் இருந்தாலும் அவன் செத்தவனின் ஆள்.

அந்த வேலை திராசோனுக்குக் கிடைத்தது. நூறு காசுக்கு ஒரு காசு கூலி. அவனுடைய தம்பி பானியாஸ் இடுக்கியால் காசைப் பிடிப்பான், இவன் உளியை வைத்து அடிப்பான். ஒரே அடி. உளி நழுவி அண்ணன் முகத்தில் கீறல் விழுந்தால் அடித்த கைக்கும் தண்டனை, பிடித்த கைக்கும் தண்டனை. மூன்று மாதம் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒருவன் பிடித்தான், ஒருவன் அடித்தான். ஒருமுறைகூட உளி நழுவவில்லை. அண்ணன் தம்பிக்குள் அப்படி ஒரு கைப்பழக்கம்.

ஒருநாள் வேலை முடிந்து கள்ளுக்கடை மாதிரி ஒரு இடத்தில், திராட்சை மது விற்பவனின் கொட்டகையில், எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பானியாஸ் அன்று கூலியாக வந்த காசு ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"பாவம்ப்பா, பெரியவரு. முன்னாடி தம்பி மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தாரு. இப்ப ராவும் பகலும் வெறும் பொளிஞ்ச வெங்கலத்தையே மொறச்சுக்கிட்டிருக்காரு. அதுக்கு அந்த மூஞ்சியே தேவலைன்னு அவருக்கே தோணுமா தோணாதா?"

கொட்டகையே சிரித்தது. திராசோனும் சிரித்தான். சிரித்தவர்களில் ஒருவன் எழுந்து போய்ச் சொல்லிவிட்டான்.

மறுநாள் சந்தை அதிகாரி திராசோனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் தம்பி அப்படிப் பேசினானா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே?"

"உட்கார்ந்திருந்தேங்க. காதுல விழல."

"சரி. அவன் உன் தம்பிதானே? அவனுக்குப் பொறுப்பேத்துக்கிறியா?"

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பொறுப்பேற்க ரத்த உறவில் ஆள் இருந்தால் சாட்டை நாற்பதோடு நிற்கும், அபராதத்தை உறவுக்காரன் கட்ட வேண்டும். ஆள் இல்லாதவனுக்கு எண்ணிக்கை கிடையாது. அதிகாரி கெட்டவர் இல்லை. ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்.

திராசோன் தரையைப் பார்த்தான். அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவி மெலிதினே சொல்லி அனுப்பியிருந்தாள்: "நமக்கும் ஒரு வீடு வாசல் இருக்குங்க. ஞாபகம் வச்சுக்கங்க."

"அவன் கூலிக்குக் காசு பிடிக்கிறவன்ங்க," என்றான். "அவ்வளவுதான்."

பானியாஸைக் கட்டியிருந்த தூண் இருபதடி தூரத்தில் இருந்தது. அவனுக்குக் கேட்டிருக்கும். சாட்டை எண்ணிக்கையில்லாமல் விழுந்தது. நான்காம் நாள் இறந்தான்.

உடம்பைக் கேட்டு வாங்கவும் அடக்கம் செய்யவும் மட்டும் திராசோனை விட்டார்கள். லகினா பாதையில் அவர்கள் அப்பாவின் கல்லறை இருந்தது. அதிலேயே கிடத்தினான். துணியால் தாடையைக் கட்டுவதற்கு முன் வாயில் காசு வைக்க வேண்டும், செத்தவர்களை ஆற்றுக்கு அக்கரை சேர்க்கும் படகுக்காரனுக்குக் கூலி. எல்லாரும் சின்னக் காசுதான் வைப்பார்கள். திராசோன் பெரிய காசாக எடுத்தான். குற்ற மனசு. பட்டறைப் பையிலிருந்து எடுத்து, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தான். விழுந்திருந்தது. தம்பியின் நாக்குக்கு அடியில் வைத்தான். மூன்று மாதப் பழக்கம்... அதற்கு மேல் அவன் எதையும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் இரவு அது தொடங்கியது.

ஒரே முற்றம், எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்றில் திராசோனும் மெலிதினேயும். இன்னொன்றில் பானியாஸின் மனைவி அப்பியா தனியாக. அவள் அறைக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு உண்டு. நடு இரவில் அந்தக் கதவில் சத்தம். டொக்... நிறுத்தம். டொக். கை தட்டுகிற சத்தம் அல்ல. உலோகத்தில் உலோகம் மெல்லப் படுவது போல.

"யாரு?" என்றாள் அப்பியா.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும். மூக்கடைத்தவன் வாயையும் மூடிக்கொண்டு மூச்சுவிட முயன்றால் எப்படி இருக்கும், அப்படி. கதவிடுக்கு வழியாக ஈர மண் வாசனை வந்தது. அதோடு புதிதாக வெட்டிய வெண்கலத்தின் வாசனை.

"பேரச் சொன்னாத் தொறக்கிறேன்."

மூச்சு இன்னும் வேகமாக வந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஒன்பது இரவுகள் இப்படி. திராசோனுக்கும் கேட்டது. மெலிதினே சுவர்ப்பக்கம் திரும்பியபடியே, "நாய் ஏதோ கதவச் சொறியுது, தூங்குங்க," என்றாள். பானியாஸ் போன நாளிலிருந்து அவள் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை அப்பியா முற்றத்தைக் கடந்து வந்தாள். புருஷன் அடிபட்ட நாளிலிருந்து அவள் திராசோனிடம் பேசியதில்லை.

"அத்தான், அவரு வாயில என்ன காசு வச்சீங்க?"

"பெரிய காசுதான் வச்சேன், அப்பியா. நம்ம சக்திக்கு மீறி."

"அதக் கேக்கல. முகம் இருந்துச்சா?"

திராசோன் கையை வேட்டியில் துடைத்தான். துடைக்க ஒன்றும் இல்லை.

"நேத்து ராத்திரி கதவிடுக்குல பாத்தேன்," என்றாள். "சட்ட அவருது. கை அவருது, கட்டைவிரல்ல இடுக்கி கடிச்ச தழும்பு. அதுக்கு மேல... அதுக்கு மேல அவரு இல்ல அத்தான். முகம் போன காசோட போனவன, அங்க நீ யாருன்னு கேட்டா எதக் காட்டுவான்? திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க வந்து நிக்கிறாரு. நான் யாருன்னு கேக்குறேன். நானும் திருப்பி அனுப்புறேன்."

அவள் பார்லிப் பானையின் அடியிலிருந்து எடுத்து வந்த காசை அவன் கையில் வைத்தாள். முழுக் காசு. முத்திரை இல்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தபடி.

"இது எப்படி உங்கிட்ட...?"

"மாவோட மாவா கெடந்தது. இப்ப நானும் குத்தவாளிதான். போய்ச் சொல்லணும்னா சொல்லுங்க." அவன் விரல்களைக் காசின்மேல் மூடினாள். "வேற முழுக் காசு தேடினாக் கெடைக்கும். ஆனா இதத்தான் வைக்கணும். அண்ணன் தம்பியப் பாக்குற காசு. நீங்கதான் வைக்கணும். இன்னிக்கு ராத்திரியே."

அதுதான் அமாவாசை இரவு. இரண்டாம் சாமம். லகினா பாதை.

கல்லறை பாதையிலிருந்து நாலு படி இறங்கியதும் இருந்தது. கல் கதவைப் புரட்டினான். உள்ளிருந்து வந்த காற்று குளிர்ந்திருக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். வெயிலில் கிடந்த பட்டறைக்கல்லின் சூடு அதில் இருந்தது. பன்னிரண்டு நாள் பிணத்தின் வாசனை வரும் என்று மூக்கைத் துணியால் கட்டியிருந்தான். அந்த வாசனை இல்லை. உளித்தூள் வாசனை.

முழங்காலில் தவழ்ந்து போய்க் கையால் தடவினான். பாதம். முழங்கால். மார்பின்மேல் மடித்த கை. பிறகு முகத்தைப் போர்த்திய துணி. மூக்கு மேடாக இருக்க வேண்டிய இடத்தில் துணி தட்டையாகக் கிடந்தது.

விரலை எடுத்துக்கொண்டான். படிக்கு வந்து மூச்சுவிட்டான். 'இன்னும் ஒரு நிமிஷம்,' என்று தனக்கே சொல்லிக்கொண்டான். 'துணியைத் தூக்காமலே உள்ளே நழுவவிட்டுவிடலாம்.'

அப்போது பாதையில் வெளிச்சம் தெரிந்தது.

இரண்டு பந்தங்கள். நகரத்துப் பக்கமிருந்து வந்தன. காவலர்களும் இரண்டு இரண்டாகத்தான் வருவார்கள். திராசோன் யோசித்தானா என்று தெரியாது. ஹெர்மியாஸ் இந்த இடத்தில்தான் எப்போதும் குரலைத் தாழ்த்துவான். இடுப்பில் உளி இருந்தது. வேலைக்காரன் இடுப்பில் எப்போதும் இருக்கும். முழுக் காசைப் படிக்கல்லில் வைத்தான். பிடித்துக்கொள்ள ஆளில்லை. கட்டைவிரலாலேயே அழுத்திப் பிடித்தான். கிடந்த கல்லை எடுத்தான்.

ஒரே அடி. இருட்டிலும் உளி நழுவவில்லை.

பந்தங்கள் கிட்டே வந்தன. இரண்டு பெண்கள். ஒருத்தி தலையில் தட்டு. வறுத்த மீனும் பூண்டும் மணந்தன. அமாவாசைக்கு அம்மனுக்கு முச்சந்தியில் வைக்கும் சோறு.

"யாரோ இந்நேரத்துல வேல பாக்குறாங்கடி."

"பேசாம வா. திரும்பிப் பாத்தியோ, உன்னத் தனியா விட்டுட்டுப் போயிருவேன்."

"நீயா? நீதான் என் முந்தானையப் புடிச்சுக்கிட்டு வர்றே."

காலடிச் சத்தம் தேய்ந்து போயிற்று. பூண்டு வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

திராசோன் உட்கார்ந்திருந்தான். விரலால் காசைத் தடவினான். ஒரு பக்கம் அண்ணன் முழுசாக இருந்தான். எதிர்ப்பக்கம் பள்ளம். திரும்பிப் போய் அப்பியாவிடம் சொல்லியிருக்கலாம். விடியும்வரை தேடினால் வேறொரு முழுக் காசு, எந்தச் சக்கரவர்த்தியுடையதோ, எந்தத் தெய்வத்துடையதோ, கிடைத்திருக்கும். ஆனால் எப்படிச் சொல்வது? மறுபடியும் செய்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

உள்ளே தவழ்ந்தான். துணிக்கு அடியில் கையைவிட்டு, வாய் இருக்கும் என்று நினைத்த இடத்தில் காசை அழுத்தினான். அது உள்ளே போயிற்று. எதற்குள் என்று அவன் தடவிப் பார்க்கவில்லை. கல் கதவைப் புரட்டி மூடினான்.

அப்பியா முற்றத்தில் காத்திருந்தாள்.

"வச்சீங்களா?"

"வச்சேன்."

"முகம் முழுசா இருந்துச்சுல்ல?"

"ம்."

அவள் அவனுடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கட்டைவிரல் நகம் கறுத்திருந்ததை விளக்கில் பார்த்து, "கல் கதவு நசுக்கிடுச்சா அத்தான்?" என்று கேட்டாள். உள்ளே போய்ப் பார்லிக் கஞ்சியும் நாலு ஆலிவ் காயும் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டான். எல்லாவற்றையும் சாப்பிட்டான்.

"இன்னிக்காவது தூங்குவேன்," என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குப் போனாள். சொன்னபடியே தூங்கினாள். முற்றத்துக்கு இந்தப் பக்கம் வரை அவள் குறட்டை கேட்டது.

அன்று இரவு அவள் கதவில் சத்தம் வரவில்லை.

திராசோன் படுத்தபடி காத்துக்கொண்டிருந்தான். வழக்கமான நேரம் கடந்தது. அதற்குப் பிறகும் ஒரு சாமம். முடிந்துவிட்டது என்றுதான் அவனும் நினைத்தான். முகம் இல்லாவிட்டால் என்ன, இரண்டு பெரிய காசு கொடுத்திருக்கிறோமே என்றுகூட நினைத்தானாம்.

டொக்.

அவர்கள் அறையின் தெருக்கதவு.

மெலிதினே சுவர்ப்பக்கத்திலிருந்து திரும்பினாள். "யாரு?" என்றாள் தூக்கக் குரலில்.

"நான்தான்."

தெளிவான குரல். வெகுதூரம் நடந்தவனின் களைப்பு மட்டும் அதில் இருந்தது.

"நான்தான்னா? பேரச் சொல்லு."

"திராசோன். கதவத் தொற, மெலிதினே. கால் வலிக்குது."

படுக்கையில் கிடந்த திராசோன் தன் குரலைத் தெருவிலிருந்து கேட்டான். வாக்கியம் முடியும்போது லேசாகச் செருமுகிற பழக்கம் அவனுக்கு உண்டு. வெளியே நின்றவனும் செருமினான்.

"அடியே, நான் இங்க இருக்கேன்," என்றான் இவன். சொன்னது அவன் காதில் நன்றாகவே விழுந்தது.

மெலிதினே எழுந்தாள். அவனைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அவள் முழங்கால் அவன் தொடையில் ஊன்றியது, சுருட்டிப்போட்ட போர்வையில் ஊன்றுவது போல. அடுப்புச் சாம்பலைக் கிளறி விளக்கை ஏற்றினாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கதவருகே போனாள்.

"எங்க போயிருந்தீங்க இவ்வளவு நேரம்?"

"கரையில ஒரே கூட்டம். ரெண்டு தடவ வரிசையில நின்னேன். ரெண்டு தடவையும் படகுக்காரன் இறக்கிவிட்டுட்டான். ரெண்டாவது தடவ, காசுல மிச்சமிருக்கிற மூஞ்சியப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போன்னான்."

"உங்கள எவன் ஏத்துவான்?" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இவனுக்குத் தெரியவில்லை.

தாழ்ப்பாள் கட்டையைத் தூக்கும் சத்தம். பாதி தூக்கியபோது வெளியே நின்றவன் கேட்டான்.

"உள்ள யாரோ பேசுன மாதிரி இருந்துச்சே. யாரு அது?"

அவள் கட்டையைப் பிடித்தபடியே திரும்பினாள். பிறகு அதை விட்டுவிட்டு, விளக்கோடு படுக்கைக்கு வந்தாள். திராசோனுக்கு மேலே விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். சூடான எண்ணெய்ச் சொட்டு ஒன்று அவன் மார்பில் விழுந்தது. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். அவள் தலையணையைப் பார்த்தாள். தலையணைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். கையை நீட்டி, கசங்கிக் கிடந்த விரிப்பைச் சரிசெய்தாள்.

"யாருமில்லைங்க," என்றாள் கதவைப் பார்த்து. "உள்ள வாங்க."